16 வயதில் மகனை ஜெர்மன் கிளப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: இலங்கையிலிருந்து வந்து நெதர்லாந்தின் தெற்கே பல வருடங்களாக வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது, டச்சுக் குடியுரிமை உண்டு. இங்குள்ள ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பின் இளையோர் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான். முதல் ஒப்பந்தம் தருவதாக கிளப் கடிதம் கொடுத்திருக்கிறது. இதற்கிடையில் ஓர் ஏஜென்ட் வந்து, ஜெர்மனியில் பெரிய கிளப் ஒன்று மூன்று வருட ஒப்பந்தமும் அதற்கு மேல் இரண்டு வருட நீட்டிப்பும் தரும், 18 ஆனதும் இங்கிலாந்துதான் என்கிறார். பதிவுச் செலவு என்று எங்களிடம் 4,000 யூரோ கேட்கிறார். மகன் துடிக்கிறான், அவனுடைய அப்பா வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த 4,000 யூரோவைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வீரரை மாற்றும் செலவு எதுவும் குடும்பத்தின் தலையில் விழுவதில்லை. இளவயதில் பயிற்சி கொடுத்ததற்கான ஈட்டுத்தொகை என்று ஒன்று உண்டு. அதைப் புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும். உங்கள் கிளப் ஒப்பந்தம் தருவதாக எழுத்தில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு வீரர் மாறும்போது, பழைய கிளப் உரிய காலத்தில் எழுத்தில் ஒப்பந்தம் கொடுக்க முன்வந்திருந்தால்தான் அந்த ஈட்டுத்தொகையைக் கேட்க முடியும். ஆகவே அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். 2023 முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்கியவர்தான் ஏஜென்ட்டாக வேலை செய்யலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைத்து வேலை செய்ய அதற்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும், பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஃபிஃபா இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இவர் பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் அவரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தால் அது செல்லாது. காலை எட்டு மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவரை நான் நம்புவதே இல்லை.

"18 ஆனதும் இங்கிலாந்து" என்பது வெறும் வாய்ப்பேச்சு. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல், இங்கிலாந்து கிளப்புகள் 18 வயது ஆகாத வெளிநாட்டு வீரரை எடுக்க முடியாது. 18 ஆன பின்னும் டச்சுப் பாஸ்போர்ட் மட்டும் போதாது, புள்ளி அடிப்படையிலான அனுமதி வேண்டும். அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு தேசிய அணி ஆட்டங்களிலிருந்தும், பெரியவர்கள் ஆடும் லீக்கில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதிலிருந்தும் வருகிறது. ஜெர்மனி வேறு கதை. 18 ஆகும் முன் நாடு விட்டு நாடு மாற ஃபிஃபா பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதானவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. கால்பந்துப் பயிற்சியோடு பள்ளிப்படிப்பு, தங்கும் வீடு, பையனைக் கவனிக்கப் பொறுப்பான ஓர் ஆள், இவ்வளவையும் கிளப் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆக, சட்டப்படி போகலாம்.

போக வேண்டுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், 17 முதல் 20 வயது வரை அவன் எத்தனை நிமிடம் பெரியவர்களோடு மோதி ஆடுவான் என்பதுதான். கிளப்பின் பெயரும் பயிற்சி மைதானத்தின் பளபளப்பும் எனக்கு இரண்டாம் பட்சம்.

டச்சு வீரர்களையே பாருங்கள். நாதன் ஆகே 2011-ல் 16 வயதில் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் செல்சீக்குப் போனார். அடுத்த வருடமே முதல் அணியில் இறங்கினார், பெரிய விஷயம்தான். ஆனால் 2017-ல் அவர் வெளியேறும் வரை செல்சீக்காக ஆடிய லீக் ஆட்டங்கள் பத்தைத் தொடவில்லை. ரெடிங், வாட்ஃபர்ட், போர்ன்மத் என்று லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்கு இரவலாக, சுற்றினார். போர்ன்மத் அவரைச் சுமார் 2 கோடி பவுண்டுக்கு வாங்கி வாராவாரம் ஆடவைத்த பிறகுதான் அவர் வாழ்க்கை நிலைபெற்றது. 2020-ல் மான்செஸ்டர் சிட்டி, 2023-ல் மூன்று கோப்பை. அதே 2011-ல், அதே ஃபெயனூர்டிலிருந்து, அதே வயதில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனவர் கரீம் ரெகிக். அவரும் லோனில் அலைந்து, கடைசியில் நெதர்லாந்துக்கே திரும்பி பிஎஸ்வியில் இரண்டு பருவம் ஆடித்தான் பெயர் வாங்கினார். 2015-ல் அங்கே லீக் பட்டம் கிடைத்தது, அங்கிருந்து மார்சே, பெர்லின், செவிய்யா. மோசமான வாழ்க்கை இல்லை, ஆனால் சிட்டி அவருக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். அவர்களுக்கு முந்தின வருடம் ஃபெயனூர்டிலிருந்து அர்செனலுக்குப் போன கைல் எபெசிலியோ, முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் 2013-ல் நெதர்லாந்துக்கே திரும்பி ட்வென்டே கிளப்பில் சேர்ந்தார்.

உங்கள் மகனுக்கு நெருக்கமான உதாரணம் ஜோஷுவா ஸிர்க்ஸே. 2017-ல் 16 வயதில் பாயர்ன் மியூனிக் போனார். அவருக்குக் கைகொடுத்தது பாயர்னின் இரண்டாம் அணி. 2019-20 பருவத்தில் அது ஜெர்மனியின் மூன்றாம் பிரிவில் பெரியவர்களோடு ஆடியது, பட்டமும் வென்றது. அந்தப் பருவத்திலேயே முதல் அணியிலும் இடம் கிடைத்தது. அதற்கப்புறமும் பார்மா, ஆண்டர்லெக்ட் என்று லோன். 2022-ல் போலோன்யாவுக்குப் போய் அங்கே ஊன்றிய பிறகு, 2024-ல் மான்செஸ்டர் யுனைடெட்.

மறுபக்கம் விர்ஜில் வான் டைக். பிரெடாவில் பிறந்தவர், உங்கள் பக்கத்து ஆள்தான். வில்லெம் டூ கிளப்பில் வளர்ந்து, 19 வயதில் க்ரோனிங்கன் கிளப்புக்கு இலவசமாகப் போனார். அவரை வாங்க வரிசை எதுவும் நிற்கவில்லை. க்ரோனிங்கனில் 62 லீக் ஆட்டங்கள். 21 வயதில் ஸ்காட்லாந்தின் செல்டிக், 24-ல் சவுத்ஹாம்ப்டன், 26-ல் ஏழரைக் கோடி பவுண்டுக்கு லிவர்பூல். ஒவ்வொரு படியிலும் ஆட வாய்ப்புள்ள இடத்துக்குத்தான் போனார். எல்லோரும் வான் டைக் ஆக முடியாது என்பது சரி, ஆனால் அந்தப் பாதையை யாரும் பின்பற்றலாம்.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஏஜென்ட்டுகள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். 2013 முதல் பெரிய கிளப்புகள் சிலவற்றின் இரண்டாம் அணிகள் நாட்டின் இரண்டாம் பிரிவிலேயே ஆடுகின்றன. யோங் அயாக்ஸ், யோங் பிஎஸ்வி போன்றவை. பதினேழு வயதுப் பையன் வெள்ளிக்கிழமை இரவு முப்பது வயது தடுப்பாட்டக்காரரிடம் இடிபட்டுக் கற்றுக்கொள்கிறான். உங்கள் கிளப்புக்கு அப்படி அணி இல்லாவிட்டால், முதல் அணியில் பையன்களை இறக்கும் பழக்கம் உள்ள கிளப்பா என்று பாருங்கள்.

ஜெர்மன் கிளப்பிடம் நான் கேட்கச் சொல்வது இது: கடந்த ஐந்து வருடத்தில் நீங்கள் வெளிநாட்டிலிருந்து எடுத்த 16 வயது வீரர்கள் யார், இப்போது எங்கே ஆடுகிறார்கள்? உங்கள் இரண்டாம் அணி எந்தப் பிரிவில் ஆடுகிறது? என் மகன் எப்போது அதில் சேர்வான்? லோன் அனுப்பினால் எங்கே, யார் முடிவு செய்வது? எத்தனை பேரை லோனில் அனுப்பலாம் என்பதற்கு ஃபிஃபா உச்சவரம்பு போட்டிருக்கிறதே என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த 21 வயது வரையான வீரர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள், அதனால் நாளைக்கு உங்கள் மகனுக்கு அது பாதுகாப்பு இல்லை.

ஒப்பந்தக் காகிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த இரண்டு வருட நீட்டிப்பு. 18 ஆகாதவருக்கு அதிகபட்சம் மூன்று வருடம் என்பது ஃபிஃபா விதி. நீட்டிக்கும் உரிமை கிளப்பிடம் மட்டும் இருந்தால், அவன் நன்றாக ஆடினால் அவர்கள் பிடித்துவைப்பார்கள், ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் டச்சு வீரர் சங்கமான வி.வி.சி.எஸ்.-இடம் காட்டுங்கள், இதையே தொழிலாகப் பார்க்கிற சட்ட ஆலோசகர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சம்பள வித்தியாசத்தைப் பார்க்கும்போது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் ஒப்பந்த வீரரின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், ஒரு பகுதி சி.எஃப்.கே. என்ற நிதியில் கட்டாயம் போய்ச் சேரும். ஆட்டத்தை விட்ட பிறகு அது மாதாமாதம் திரும்பி வரும். ஜெர்மனி போனால் அந்தச் சேமிப்பை நீங்களே செய்ய வேண்டும். பள்ளியும் அப்படித்தான். இங்கே விளையாட்டுத் திறமையாளர்களுக்கென்று நேரத்தை வளைத்துக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்த மொழியில் என்று கிளப் எழுத்தில் சொல்ல வேண்டும்.

என் கருத்து: அந்த ஏஜென்ட் மூலம் போகவேண்டாம். ஜெர்மன் கிளப்பின் விருப்பம் உண்மையென்றால் அவர்களே உங்கள் கிளப்பை அழைத்துப் பேசுவார்கள். இரண்டாம் அணி பற்றிய பதில் திருப்தியாக இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் உள்ளூர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 19 வரை இங்கேயே ஆடட்டும். உங்கள் கிளப் கொடுத்த கடிதத்தில் பதிலுக்குக் கடைசித் தேதி இருக்கும். அது நெருங்கிவிட்டால் இன்றைக்கே மின்னஞ்சல் போட்டு இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள்.