முடிவு தெரிந்த படங்களை மீண்டும் பார்ப்பது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கதையும் முடிவும் தெரிந்துவிட்ட ஒரு படத்தை மறுபடியும் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பழைய ஹாலிவுட் படங்களைப் போற்றுபவர்கள் உண்மையில் தங்கள் இளமையைத்தானே போற்றுகிறார்கள்? (வாசகர், விருதுநகர்)

பதில்: இளமை நினைவுகளுக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் வெளியானபோது பிறந்தேயிராதவர்களும் அவற்றை விரும்பிப் பார்க்கிறார்களே, அவர்கள் எந்த இளமையைத் தேடுகிறார்கள்? 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' படத்தை எடுத்துக்கொள்வோம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் அமர்ந்து வாதிடுவதுதான் ஏறக்குறைய முழுப் படமும். முதல் முறை பார்க்கும்போது நம் மனம் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று வாக்குகளை எண்ணுவதிலேயே இருக்கும். இரண்டாம் முறை பார்க்கையில் கண் லீ ஜே. காப் நடித்த மூன்றாம் ஜூரியை விட்டு நகராது. மகன் தன்னை அடித்துவிட்டதையும், இரண்டு ஆண்டுகளாக அவனைப் பார்க்கவே இல்லை என்பதையும் அவர் தொடக்கத்திலேயே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். முதல் முறை அது காதில் விழுந்தும் விழாமலும் போய்விடுகிறது. முடிவை அறிந்தவருக்கோ, இந்த மனிதர் உண்மையில் யாரைத் தண்டிக்கத் துடிக்கிறார் என்பது அந்த நிமிடத்திலேயே விளங்கிவிடுவதால், வழக்கு விவாதமாகத் தெரிந்த படம் ஒரு தகப்பனின் துயரக் கதையாக மாறிவிடுகிறது.

மூன்றாம் முறை பார்ப்பவருக்குக் கேமராவின் வேலை புலப்படும். லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் முதல் பகுதியைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண்மட்டத்திலும், இறுதிப் பகுதியை அதற்குக் கீழிருந்தும் எடுத்தார்கள். கூடவே, குவியத் தொலைவு அதிகமான லென்சுகளைப் படிப்படியாகப் பயன்படுத்தினார்கள். அதனால் சுவர்கள் மெல்ல நெருங்கி வருகின்றன, கடைசியில் அறையின் கூரையும் தலைக்கு மேல் கவிகிறது. வெளியே வரும் இறுதிக் காட்சியில் அகலக் கோண லென்சுக்கு மாறியவுடன் நமக்கும் மூச்சு விட முடிகிறது. வெளியானபோது வசூலில் ஏமாற்றமளித்த படம் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டூடியோக்கள் அந்நாளில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளிய எல்லாப் படங்களுக்கும் இந்த ஆழம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை மறந்ததில் நமக்கு எந்த நட்டமும் இல்லை.

கேள்வி: 'காஸாபிளாங்கா' போர்க்காலப் பிரசாரப் படம்தானே? போர் முடிந்து இத்தனை காலம் ஆன பிறகும் அது எப்படி உயிரோடு இருக்கிறது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிரசாரம்தான், ஐயமில்லை. நேச நாட்டுப் படைகள் கதை நடக்கும் வட ஆப்பிரிக்காவில் தரையிறங்கிய அதே 1942 நவம்பரில்தான் அது நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதைகூட முழுமையாக எழுதி முடிக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் நடித்தவர்கள் யார் என்று பாருங்கள். நாஜி அதிகாரி ஸ்ட்ராஸராக வரும் கான்ராட் வைட், யூத மனைவியுடன் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பீட்டர் லோரே 1933இல் அங்கிருந்து தப்பியவர். சூதாட்ட மேசையை நடத்துபவராக வரும் மார்செல் டாலியோவும், இவோன் என்ற பெண்ணாக நடித்த மாட்லென் லெபோவும் 1940இல் பாரிஸிலிருந்து ஓடிவந்தவர்கள். கதாநாயகன் ரிக்கின் விடுதியில் ஜெர்மானியர்கள் தங்கள் பாடலை முழங்க, நாஜிகளை எதிர்த்துப் போராடும் லாஸ்லோ இசைக்குழுவைப் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். இசைக்குழுவினர் ரிக்கின் முகத்தைப் பார்க்கிறார்கள்; அவர் லேசாகத் தலையசைக்கிறார். அதுவரை எவருக்காகவும் தான் துணிந்து நிற்கப்போவதில்லை என்று பேசித் திரிந்த மனிதர் தன் பக்கத்தைத் தேர்ந்துகொள்வது அந்த ஒரு தலையசைப்பில் நடந்துவிடுகிறது. அதை விளக்க வசனம் எதுவும் இல்லை. தொடர்ந்து எழும் பாடலின்போது லெபோவின் கன்னங்களில் வழியும் கண்ணீரில் நடிப்பு எவ்வளவு, நாடிழந்த வேதனை எவ்வளவு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: கடுமையான தணிக்கை இருந்ததால்தான் அக்காலப் படங்கள் கண்ணியமாக இருந்தன என்கிறார்கள். ஏற்கிறீர்களா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதிதான் ஏற்கிறேன். 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்புடன் செயல்படுத்தப்பட்டு, 1968இல் வயதுவாரியான தரச்சான்று முறைக்கு வழிவிட்ட, ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் அந்தத் தயாரிப்பு விதிமுறை, கலைஞர்களைக் குறிப்பால் உணர்த்தப் பழக்கியது உண்மை. முத்தக் காட்சி சில விநாடிகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் ஹிட்ச்காக் எப்படிச் சமாளித்தார் தெரியுமா? கேரி கிராண்டையும் இங்க்ரிட் பெர்க்மனையும் முத்தத்துக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி, இரவுச் சாப்பாட்டைப் பற்றியும் தொலைபேசியைப் பற்றியும் பேசவைத்தார். விதி மீறப்படவில்லை, நெருக்கமோ பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக் கூடாது என்பதும் அதே விதிமுறையில்தான் இருந்தது. அதைக் கண்ணியம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால், அடிமை முறையை அழகுபடுத்திய 'கான் வித் த விண்ட்' போன்ற படங்களை ஒதுக்கிவிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: ஒதுக்க வேண்டாம், விவரம் அறிந்து பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் மேமி என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல்தான் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு, அங்கிருந்த நிறவெறிச் சட்டங்களால், அவரால் செல்ல முடியவில்லை. விருது விழாவிலும் சக நடிகர்களிடமிருந்து தள்ளிப் போடப்பட்ட மேசையில்தான் அமர்த்தப்பட்டார். 2020இல் ஓர் அமெரிக்க ஓடிடி தளம் படத்தைத் தற்காலிகமாக நீக்கி, வரலாற்றுப் பின்னணியை விளக்கும் முன்னுரையுடன் மீண்டும் சேர்த்தது; எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது. மெக்டேனியலின் நடிப்பும் படத்தின் பொய்யும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பார்வையாளருக்கு அந்தப் படம் இன்னும் நிறையச் சொல்லும்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் சேர்த்தால் இளைஞர்கள் பார்ப்பார்களே? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். 1980களில் அமெரிக்காவில் இந்த முயற்சி பெரும் சச்சரவைக் கிளப்பியது. 'சிட்டிசன் கேன்' தப்பித்ததற்குக் காரணம், தன் அனுமதியின்றிப் படத்தை மாற்ற முடியாதபடி அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் போட்டிருந்த ஒப்பந்தம். ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு அமைத்த சட்டகத்தில் வண்ணத்துக்கு இடமில்லை.

கேள்வி: பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளுடன் பார்க்க எதில் தொடங்கலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936). பேசும் படங்கள் வந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் பேச மறுத்து எடுத்த படம் என்பதால் மொழிச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தும் விடும். தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் கோளாறாகும் காட்சியில் பிள்ளைகள் சிரிப்பார்கள். உணவு இடைவேளையை மிச்சப்படுத்துவதற்காக அந்த இயந்திரத்தை முதலாளியிடம் விற்க வந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.