‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல முடியாமல் நின்றவனின் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: “என்னிடம் உள்ள ஒரு குறையால் நான்கு பேர் நடுவில் இயல்பாக இருக்க முடியவில்லை. நான் நானாகவே இருந்துகொண்டு தன்னம்பிக்கை பெறுவது சாத்தியமா?”

சாத்தியம் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. ஆனால் ‘உன்னை நீ நம்பு’ என்பது போன்ற அறிவுரைகள் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, நான் உள்ளும் புறமும் அறிந்த ஒரே ஒரு குறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்குத் திக்குவாய். நான்கு வயதில் தொடங்கியதாக அம்மா சொல்வார். இப்போது எனக்கு 43 வயது, இன்றும் திக்குகிறது.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது என் நாக்கு ஒருமுறைகூடத் தடுக்கியதில்லை. வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் என் குரல் மற்ற எல்லோருடைய குரலையும் போலத் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து என் பெயரைக் கூப்பிட்டதும், ‘உள்ளேன் ஐயா’ என்ற இரண்டே சொற்கள் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். நான் மூச்சை இழுத்து, கண்ணை இறுக மூடி, அந்த ‘உ’வை வெளியே தள்ளப் பார்ப்பதற்குள் அவர் தலை நிமிராமலே அடுத்த பெயருக்குப் போயிருப்பார். பக்கத்தில் இருப்பவன் ‘இருக்கான் ஐயா’ என்று எனக்காகச் சொல்வான். அவன் விடுப்பு எடுத்த சில நாட்களில், வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே நான் வராதவனாகப் பதிவாகியிருக்கிறேன்.

பிறரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் ஏறக்குறைய மறைந்துவிடுவது திக்குபவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள இயல்பு என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். பத்து வயதில் அது தெரியாது. அந்த வயதில் நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு வேறு: என் குரல் எல்லோருடைய குரலாகவும் இருக்கும்வரை எனக்குக் கேடில்லை, அது என்னுடையதாக மட்டும் ஆகும் கணத்தில் அவமானம் வருகிறது, எனவே தனியாகத் தெரியாமல் இருப்பதே நல்லது. அந்தக் கணக்கின்படியே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தேன். உங்கள் குறை நிறமோ, உயரமோ, முகத்துத் தழும்போ, ஆங்கிலம் வராததோ, எதுவாக இருந்தாலும் இதே கணக்கை நீங்களும் ஏதோ ஒரு வயதில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திக்கலைப் பற்றித் தெரிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறியாமையும் என் தாழ்வு மனப்பான்மைக்கு எரிபொருளாக இருந்தது. குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது தங்கிவிடுகிறது. அவர்களிலும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்கள். குடும்ப வழியாக வருவது இதில் அதிகம். பாகிஸ்தானிய குடும்பங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வுக் குழு, திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010-இல் வெளியிட்டது. என் அப்பாவின் தம்பிக்கும் திக்கும். ஆனாலும் எங்கள் வீட்டில், பயந்தாங்கொள்ளி என்பதால் திக்குகிறேன் என்றும், யாரையோ கேலி செய்து பழகியதால் வந்தது என்றும் சொல்லப்பட்டது. பாட்டி வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினார். அதைப் ‘பேர் சொல்லா மருந்து’ என்பார்கள். தன் பெயரையே சொல்ல முடியாத பேரனுக்கு அந்தப் பெயருடைய மருந்தை அவர் எவ்வளவு நம்பிக்கையோடு தடவினார் என்று எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

திக்குபவர்களுக்குத் தங்கள் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருப்பது வழக்கம். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது என்பதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். மாற்று உள்ள இடங்களில் நாங்கள் தப்பித்துவிடுவோம். வல்லின எழுத்துகள் மார்பில் பிறப்பதாக இலக்கணம் கூறுகிறது. பகரமோ ககரமோ சொல்லின் முதலில் நிற்கும்போது அந்த மார்பில் காற்று இறுகி நிற்பதை உடம்பால் அறிந்தவன் நான். வீடு பல்லாவரத்தில். கிண்டியில் பேருந்து ஏறினால் நடத்துநரிடம் ‘பல்லாவரம்’ என்று சொல்ல வேண்டும். அது வராது என்று தெரிந்த நாட்களில், மெல்லினத்தில் தொடங்குகிற ‘மீனம்பாக்கம்’ என்று சொல்லிச் சீட்டு வாங்கி, அங்கேயே இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையோரமாகத் திரிசூலத்தைத் தாண்டி வீடுவரை நடந்திருக்கிறேன். சிற்றுண்டிக் கடையில் பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு இட்லி கேட்டிருக்கிறேன். தொலைபேசியில் முதல் சொல் வராமல் நான் போராடும்போது, எதிர்முனையில் இருப்பவர் இணைப்பு சரியில்லை என்று நினைத்து வைத்துவிடுவார்.

இவை சிறிய இழப்புகள் என்று தோன்றலாம். ஆனால் வகுப்பில் விடை தெரிந்திருந்தும் தெரியாதவனைப் போலத் தலையாட்டியதும், விவாதத்தில் மாற்றுக் கருத்து இருந்தும் எளிதாக வந்த ‘ஆமாம்’ என்ற சொல்லைச் சொல்லி முடித்துக்கொண்டதும், தமிழாசிரியராக வேண்டும் என்று விரும்பியவன், அதிகம் பேச வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக வணிகவியல் படித்துக் கணக்குப் பிரிவில் சேர்ந்ததும் அதே பழக்கத்தின் நீட்சிதான். நான் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தனித்தன்மை போனது அங்கேதான். திக்கல் அதை எடுத்துக்கொள்ளவில்லை, திக்கலை மறைப்பதற்காக நான் கொடுத்த விலையில் அது போயிற்று. என்னைச் சந்தித்தவர்களில் பலர் என்னை அமைதியானவன், எதற்கும் மறுப்புச் சொல்லாதவன் என்று எண்ணினார்கள். நான் அப்படிப்பட்டவனே இல்லை.

குறிப்பிட்ட நாட்களில் திக்குவாயை முற்றிலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்த ஓரிடத்தில் இருபத்தைந்து வயதில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். விரலால் தொடையில் தட்டி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு என்ற கணக்கில் இழுத்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அறைக்குள் இருந்தவரை உண்மையாகவே திக்கவில்லை. தாளத்துக்குப் பேசினால் யாருக்கும் பெரும்பாலும் திக்காது. அது கூட்டத்தோடு வாய்ப்பாடு சொன்னதைப் போன்றதே. வெளியே வந்து இயல்பாகப் பேசத் தொடங்கிய மூன்றாவது வாரம் எல்லாம் பழையபடி ஆயிற்று. போன பணத்தைவிட, குணமாகாததற்கு என் முயற்சியின்மையே காரணம் என்று அவர்கள் சொன்னதுதான் நெடுநாள் உறுத்தியது. குறையை வைத்து வணிகம் செய்பவர்கள் முதலில் விற்பது குற்றவுணர்வைத்தான். முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு விற்பவர்களும் அதையே செய்கிறார்கள்.

முப்பது வயதில், முறையாகப் படித்த ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மையாரிடம் போனேன். குணமாகும் என்று அவர் வாக்களிக்கவில்லை. முதல் நாளில் ஒரு தாளில் பனிப்பாறை ஒன்றை வரைந்தார். திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டவர் ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கியவர். காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதி. வெட்கம், அச்சம், மறைக்கும் முயற்சி ஆகியவை நீருக்கடியில் இருக்கும் பெரும்பகுதி. அவருக்கு மூத்தவரான, பேச்சுச் சிகிச்சை வல்லுநர் சார்லஸ் வான் ரைப்பரும் கடுமையாகத் திக்கியவர்தான். திக்காமல் பேச வைப்பதை விட்டுவிட்டு, போராட்டமில்லாமல் எளிதாகத் திக்குவதற்குப் பழக்கினார். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. திக்குவதற்கு ஒருவன் பயிற்சி எடுக்க வேண்டுமா?

அடுத்து அந்த அம்மையார் கொடுத்த வேலை இன்னும் கடினமானது. பத்துக் கடைகளுக்குப் போய், திக்கல் வராத சொல்லிலும் வேண்டுமென்றே திக்கி விலை கேட்க வேண்டும். கேட்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். என்ன நடந்தது என்று குறித்து வர வேண்டும். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய சாமான்களும் செடிகளும் விற்கும் பெரிய சந்தை கூடும். அங்கே போனேன். முதல் கடையைச் சுற்றி நான்கு முறை நடந்த பிறகுதான் வாய் திறந்தேன். மாலையில் என் குறிப்பில் இருந்தது இதுதான்: ஏழு பேர் என் பேச்சைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் விலையைச் சொன்னார்கள், ஒருவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், ஒரு சிறுவன் சிரித்தான், நண்பனையும் கூப்பிட்டுக் காட்டினான். ரோஜாச் செடி விற்ற மூதாட்டி, “மெதுவாச் சொல்லுப்பா, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்” என்றார். இருபது ஆண்டுகளாக உலகமே அந்தச் சிறுவனைப் போன்றது என்று நம்பியிருந்தேன்; என் குறிப்பில் அவன் பத்தில் ஒருவனாகத்தான் இருந்தான். அவன் சிரித்தது வலித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நானாகவே விரும்பித் திக்கியிருந்ததால், அந்த வலி என்னை ஓடச் செய்யவில்லை. அடுத்த கடைக்குப் போனேன்.

அதன்பிறகு அலுவலகத்தில் செய்ததுதான் என் வாழ்க்கையின் திசையை மாற்றியது. மாதக் கணக்கு அறிக்கையைத் தயாரிப்பவன் நான்; கூட்டத்தில் அதை வாசிப்பவர் என் இளைய சக ஊழியர். ஒரு மாதம் நானே எழுந்து நின்று, “தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். எனக்குத் திக்கும். சில சொற்களுக்கு நேரம் ஆகும். எனக்காக யாரும் சொல்லி முடிக்க வேண்டாம், காத்திருந்தால் போதும்” என்றேன். பத்து நிமிட அறிக்கை இருபத்தைந்து நிமிடம் நீண்டது. வேர்த்துக் கொட்டியது. முடித்ததும் மேலாளர், மூன்றாம் பக்கத்தில் இருந்த சரக்கிருப்பு ஏன் கூடியது என்று கேட்டார். என் அறிக்கையைப் பற்றி என்னிடமே கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதுவரை அந்த எண்களுக்குச் சொந்தக்காரர் அவற்றை வாசித்தவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுந்து நின்றபோது எனக்குத் தன்னம்பிக்கை இருக்கவில்லை என்பதுதான். கால் நடுங்கியது. நம்பிக்கை வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் இன்றும் காத்திருந்திருப்பேன். அது அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் எழுந்து நின்றதால், சிறிது சிறிதாகச் சேர்ந்தது.

கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வாழ்நாள் முழுவதும் திக்கியவர். எப்போதும் திக்குவீர்களா என்று கேட்டவருக்கு, பேசும்போது மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை நகைச்சுவைத் துணுக்காகப் பகிர்கிறார்கள்; எனக்கு அது அவர் நிலையின் நேரான விளக்கமாகவே படுகிறது. 1957-இலும் 1967-இலும் ஆட்சிப் பொறுப்பேற்ற ஒருவர், திக்கிக்கொண்டே ஆயிரமாயிரம் மேடைகளில் பேசினார். திக்கலைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் அரசியலைத் தள்ளிவைக்கவில்லை.

குறையைக் கொண்டாட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் திக்கலை நான் விரும்பவில்லை. நாளையே அது போய்விட்டால் மகிழ்வேன். நான் கேட்டதெல்லாம், அது இருக்கும்போதே என் சொற்களை நானே தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான்.

இதையெல்லாம் முதலில் யாரிடம் மனம் திறந்து சொல்வது என்று தயங்கி, அக்காவிடம் சொன்னேன். ஏதோ பெரிய இரகசியத்தை உடைப்பதாக எண்ணிக்கொண்டு, மீனம்பாக்கத்திலிருந்து நடந்ததையும் இட்லிக் கதையையும் சொன்னபோது அவர் கண் கலங்கி, “எனக்குத் தெரியாதாடா? அதனாலதான் நாம சேர்ந்து போறப்போ எல்லாம் ‘தம்பிக்குப் பொங்கல்’னு நானே சொல்லிடுவேன்” என்றார். அவ்வளவு பாடுபட்டு நான் மறைத்தது, என்மேல் அன்புள்ளவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இனி எனக்காகச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை. பரிமாறுபவர் காத்து நிற்கும்போது, அவர் வாயைத் திறக்காமல் இருக்கத் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியில் ‘ஒரு குறை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது எது என்று சொல்லவில்லை. முகம் தெரியாத இடத்தில்கூட அதன் பெயரைச் சொல்லத் தயங்கும் மனம் எனக்கு மிகவும் பழக்கமானது. உலகத்துக்கே அறிவிக்க வேண்டியதில்லை. இந்த வாரம், நம்பத்தக்க ஒரே ஒருவரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள். அதை மறைப்பதற்காக எந்தெந்த இடங்களுக்குப் போகாமல் இருந்தீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை முதலில் மீட்டெடுங்கள். எனக்கு அது ஒரு பேருந்துச் சீட்டு. ஒருவேளை உங்கள் குறையும் திக்கலாகவே இருந்தால், தனிச்செய்தியில் எழுதுங்கள், எண்ணைத் தருகிறேன். முதல் சொல் வர எவ்வளவு நேரமானாலும் நான் தொலைபேசியை வைத்துவிட மாட்டேன்.