கவிதைக் களம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். லீவு முடிந்து குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு ஏரியாவுக்குப் போய்விட்டார். 6 வயது மகளுக்காக ‘எல்லை காக்கும் வீரரே’ என்று ஒரு பாட்டு ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை, அவளும் காது கொடுக்கவில்லை. எப்படி எழுதுவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முதல் அடியே மேடைப்பேச்சு ஆகிவிட்டது. எல்லையை அவள் பார்த்ததில்லை. அவள் பார்த்தது டிரங்குப் பெட்டி, பூட்ஸ் பாலிஷ், பாதியில் அறுந்துபோகும் போன். இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். எட்டு அடி போதும். அடிக்கு நான்கு சீர், அதாவது நான்கு தாளத் துண்டு.

கறுப்புப் பெட்டி தகரப் பெட்டி
கதவின் அருகே நிற்கும் பெட்டி
அப்பா பெயரைச் சுமக்கும் பெட்டி
ஆறு ஊரைப் பார்த்த பெட்டி

கை தட்டிப் பாடிப் பாருங்கள்: அடிக்கு நான்கு தட்டு. எல்லாச் சீரும் தேமா, புளிமா என்ற இரண்டு அசை (ஓசைத் துண்டு) கொண்ட சிறு சீர்கள்தான். ‘ராணுவத்திலிருந்து’ என்ற ஒரே சொல்லை நுழைத்தால் இரண்டு தட்டை விழுங்கிவிடும். பாட்டு அங்கேதான் இடறும். க–க, அ–ஆ என அடிகளின் முதலெழுத்து ஒத்துவரும் மோனை வந்தாலே குழந்தைக்கு அடுத்த அடி நினைவுக்கு வரும். இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகைக்காகச் சொல்லை வளைக்காதீர்கள்.

‘நாளை வருவார்’ என்று மட்டும் எழுத வேண்டாம். லீவு ரத்தானால் பாட்டு பொய்யாகிவிடும்; அப்புறம் அதை அவள் பாட மாட்டாள். ‘வரும்போது’ என்று எழுதுங்கள். ‘அழாதே’யும் வேண்டாம், அழட்டுமே. எட்டாவது அடியை எழுதாமல் விட்டு, பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவளிடமே கேளுங்கள்.

கேள்வி: ராணுவ மாற்றல்களால் 11 வயது மகனுக்கு இது மூன்றாவது பள்ளி. பாட்டு என்றாலே ‘சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்கிறான்.
– வாசகர், ஆவடி

பதில்: சரியாகத்தான் சொல்கிறான். அந்த வயதுக்குச் சந்தத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் விட்டுவந்த ஒரு பொருளை, ஊருக்கு ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘சோகமாக இருந்தது’ என்று வந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் பொருளின் நிறத்தையோ உடைந்த மூலையையோ வைக்கச் சொல்லுங்கள். இந்திச் சொல் கலந்தால் திருத்த வேண்டாம். அவன் பேசும் தமிழ் அதுதான்.

கேள்வி: எழுதியதைக் கணவருக்கு அனுப்பலாமா? பத்திரிகைக்கு?
– வாசகி, அரக்கோணம்

பதில்: அவருக்குத் தாராளமாக, 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என அவர் தந்த முகவரிக்குத் தபாலிலேயே போகும். குழந்தையின் கையெழுத்திலேயே அனுப்புங்கள். பத்திரிகைக்கு என்றால் யூனிட் பெயர், இருக்கும் இடம், கிளம்பும் தேதி மூன்றையும் எடுத்துவிடுங்கள். ‘பனி விழும் ஊர்’ என்றால் போதும்.