பிறந்த ஊரை மாற்றச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் ஓர் ஆடை ஏற்றுமதி ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். நகரின் தெற்கே சதுப்பு ஏரிக்கரையில் கெமர் குரோம் மக்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்திலிருந்து வந்தவர்கள். கம்போடியர்களைப் போலவே கெமர் மொழி பேசுகிறார்கள், பௌத்தர்கள். ஆனாலும் பலருக்கு அடையாள அட்டையும் இல்லை, நிலமும் இல்லை. இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் கொஞ்சம் பணம் திரட்டுகிறோம். பள்ளிப் பைகள் கொடுப்பதா, கழிப்பறை கட்டுவதா என்று எங்களுக்குள் ஒரே விவாதம். இதற்கிடையே ஒரு தரகர், பணம் கொடுத்தால் பிறந்த ஊர் கம்போடியாவின் தாக்கேவ் மாகாணம் என்று போட்டு ஆளுக்கொரு அட்டை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தேவைப்பட்டால் பெயரையும் மாற்றிவிடுவாராம். அப்படிச் செய்யலாமா? சோழர் காலத்திலிருந்து நமக்கு உறவான, அங்கோர் வாட் எழுப்பிய இனம் இப்படி நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. படிக்க நூல்களும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

தரகரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். பல மாதங்களாக நான் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

அதற்கு முன் அங்கோரை முடித்துவிடுவோம். அங்கோர் வாட்டைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டின் கெமர் அரசன். சோழருக்கும் காம்போஜத்துக்கும், அதாவது அன்றைய கம்போடியாவுக்கும், தொடர்பு இருந்தது உண்மைதான். காம்போஜ அரசன் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இருக்கட்டும். அந்தத் தேர் வராதிருந்தால் ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கு உதவ மாட்டீர்களா? கண்ணெதிரே ஒருவர் காகிதம் இல்லாமல் அல்லாடும்போது அவரை நம் பெருமைக் கதைக்குள் இழுத்து வைத்துத்தான் இரக்கப்பட முடியும் என்றால், அந்த இரக்கம் எனக்குக் கசக்கிறது. அங்கோரைப் படம் பிடித்துப் பகிரும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு கெமர் குரோம் என்ற பெயராவது தெரியும்? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவர்கள் வாசல்வரை போயிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கோபப்படும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

நூல்கள் பிறகு. அங்குள்ள முதியவர்கள் பேசுவதை முதலில் கேளுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இன்று வியட்நாமின் தென்கோடியாக இருக்கும் மேக்கொங் கழிமுகத்தில் வியட்நாமியர் குடியேறுவதற்கு முன்பிருந்தே கெமர் மக்கள் வாழ்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பகுதியைக் கொச்சின் சீனா என்ற பெயரில் ஆண்டார்கள். 1949 ஜூன் 4 அன்று பாரிஸில் ஒரு சட்டம் போட்டு அதை வியட்நாமுடன் சேர்த்தார்கள். கழிமுகத்துக் கெமர் மக்களை யாரும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை அவர்கள் துக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி வியட்நாமில் 13 லட்சம் கெமர் மக்கள் இருக்கிறார்கள், அப்போதைய சொக் திராங், திரா வின் மாகாணங்களில் அதிகம். நிலம் பறிபோனது, கடனில் மூழ்கியது, தங்கள் விகாரைகளில் தங்கள் விருப்பப்படி வழிபடவும் கற்பிக்கவும் தடை என்று பல காரணங்களால் எல்லை தாண்டிக் கம்போடியாவுக்கு வருகிறார்கள். வந்து சேரும் நாட்டில் அவர்கள் பேசும் கெமரில் வேறொரு சாயல் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் 'இவன் வியட்நாமியன்' என்கிறார்கள். கம்போடியாவைக் கொலைக்களமாக்கிய போல் போட் ஆட்சிக் காலத்தில் அந்தச் சாயலே மரணத்துக்குப் போதுமானதாக இருந்தது. உடல் கெமர், தலை வியட்நாம் என்று சொல்லிச் சொல்லிக் கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்காக ஒருவர் மேல் இனப்படுகொலைக் குற்றம் சாட்டப்பட்டது, ஆனால் அந்த வழக்கு விசாரணை மேடைக்கே வராமல் முடிந்துபோனது.

சட்டத்தில் இவர்களுக்கு என்ன குறை என்று கேட்டால், நீண்ட காலம் ஒரு குறையும் இருந்ததில்லை. கெமர் குரோம் மக்கள் நம் குடிமக்களே என்று கம்போடிய அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. 2025 திருத்தத்துக்கு முன் அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு எந்தக் கெமர் குடிமகனின் குடியுரிமையையும் பறிக்கக்கூடாது, அவனை நாடு கடத்தக்கூடாது என்றது. ஆனால் தாக்கேவில் ஒரு விகாரையின் தலைமைத் துறவியாக இருந்த கெமர் குரோம் பிக்கு திம் சாகோனை 2007 ஜூன் 30 அன்று காவி உடை களைந்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓராண்டுச் சிறை. அவர் கம்போடியக் குடிமகன். மேடையில் கிடைக்கும் குடியுரிமைக்கும் மேசையில் கிடைக்கும் குடியுரிமைக்கும் இவ்வளவு தூரம். இந்த மக்களுக்கு அடையாள ஆவணம் கிடைப்பதில் கடும் சிக்கல் இருப்பதாக ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவே 2010-இல் கவலை தெரிவித்தது.

நீங்கள் சொல்லும் அந்தப் பகுதிக்கு நானும் போயிருக்கிறேன். உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி மொழிபெயர்க்க வந்தாள். ஏரியில் வள்ளைக்கீரை வளர்த்துச் சந்தையில் விற்கும் ஓர் அம்மாளின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏரியைப் பாதி மண்ணடித்து மேடாக்கிவிட்டார்கள், மீதித் தண்ணீரில் கீரை மிதந்தது. அவரிடம் அடையாள அட்டை இருந்தது. தரகர் வழியாக வாங்கியது. 'எந்த ஊர் அம்மா?' என்று கேட்டதும் தாக்கேவில் ஓர் ஊரின் பெயர், அதன் வட்டம், மாவட்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார், தரையைப் பார்த்தபடியே. அந்த ஊரை அவர் பார்த்ததுகூட இல்லை. நாங்கள் அதிகாரிகள் இல்லை என்று மாணவி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் முகம் தளர்ந்தது.

பிறகு சொக் திராங்கைப் பற்றிப் பேசினார். அவர்கள் ஊர் விகாரைக்குச் சொந்தமாக ஒரு நீளப் படகு இருந்ததாம். ஆண்டு முழுவதும் கொட்டகையில் வைத்துப் பாதுகாத்து, ஒக் ஒம் போக் பண்டிகைக்கு மட்டும் ஆற்றில் இறக்குவார்களாம். ஐம்பது பேர் துடுப்புப் போடும் அந்தப் படகில் அவருடைய அப்பா முன்வரிசை. பண்டிகை இரவில் நிலாவுக்கு அவல் படைப்பார்கள். படைத்த பிறகு பெரியவர் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரு பிடி அவலை வாய் நிறையத் திணித்து, முதுகில் தட்டி, 'உனக்கு என்ன வேண்டும், சொல்' என்று கேட்பார். வாயில் அவலோடு பதில் சொல்ல முடியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள். அதைச் செய்துகாட்டிச் சிரித்தார் அந்த அம்மாள். என் முதுகிலும் ஒரு தட்டு விழுந்தது.

அவருக்கு ஒரு மகன். கம்போடியாவில் பிறந்தவன். அவன் பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் தாயின் பெயர் பழைய பெயர், தாச் என்று தொடங்கும் பெயர். தாச், சன், கிம் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் வியட்நாம் அரசர்கள் கெமர் மக்கள்மேல் ஏற்றிய குடும்பப் பெயர்கள் என்பார்கள். ஓர் அரசு வலுக்கட்டாயமாகக் கொடுத்த பெயரைக் காட்டி இன்னோர் அரசின் எழுத்தர் 'நீ இந்த ஊர்க்காரி இல்லை' என்கிறார். அதனால்தான் தரகர் பெயரையும் மாற்றினார். இப்போது தாயின் அட்டையில் ஒரு பெயர், மகனின் சீட்டில் இன்னொரு பெயர். 1996-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால் பிள்ளையும் குடிமகன். ஆனால் காகிதத்தில் அந்த அம்மாள் அவனுக்கு யாரோ. பதினைந்து வயது முடிந்து அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய்க்கு அட்டை வாங்கித் தந்த பொய்தான் மகனின் அட்டையைத் தின்றிருக்கிறது.

இதை நேரில் பார்த்த பிறகு, தரகருக்குப் பணம் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். 'ஐயா, இன்று அட்டை இல்லாவிட்டால் நாளைக்குச் சோறு இல்லை' என்பீர்கள். அந்த அம்மாளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வேறு கதவு இல்லாதவர் திறந்த கதவில் நுழைகிறார். நீங்கள் அவர் அல்லர். உங்களிடம் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, திருப்பி அனுப்பப்படாத ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யை நீங்கள் விலைக்கு வாங்கக்கூடாது.

அந்த அட்டை எவ்வளவு நாள் நிற்கும் என்றாவது யோசித்தீர்களா? 2017-இல் கம்போடிய அரசு முறையற்ற ஆவணங்களைத் திரும்பப் பெற 129-ஆம் எண் துணை ஆணையைப் போட்டது. சுமார் 70,000 பேரின் காகிதங்கள் செல்லாதவை என்று கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் வியட்நாமிய வம்சாவளியினர், பலர் தலைமுறைகளாக அங்கேயே வாழ்பவர்கள். அந்த வலை கெமர் குரோம் மக்களை நோக்கி வீசப்பட்டது இல்லைதான். ஆனால் பேச்சுச் சாயலைக் கேட்டே 'வியட்நாமியன்' என்று முடிவு கட்டும் ஊரில், உண்மையில்லாத பிறந்த ஊரோடு ஓர் அட்டையைப் பையில் வைத்திருப்பவருக்கு என்ன பாதுகாப்பு? வாடகைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும். உள்ளபடியே குடியுரிமைக்கு உரியவரை, உங்கள் பணத்தால் மோசடி ஆவணக்காரராக மாற்றிவிடுவீர்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. எல்லோரும் தாக்கேவில் பிறந்தவர்களாகிவிட்டால், கம்போடியாவின் பதிவேட்டில் கெமர் குரோம் அகதி என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். பிறகு எந்தக் குழுவும் கவலைப்பட வேண்டியிருக்காது. சொக் திராங்கில் பிறந்தேன் என்று எழுதிய அட்டை ஒவ்வொன்றும், அரசு மேடையில் சொன்னதை மேசையிலும் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. அது தாமதமாகும், சில வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். இருந்தாலும் அதற்குத்தான் உங்கள் பணம் போக வேண்டும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காகிதம் இல்லாமல் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவுப்படி கெமர் குடியுரிமை உள்ளவருக்கே நில உரிமை. 2001-ஆம் ஆண்டு நிலச் சட்டம், அது வருவதற்கு முன்பே அனுபவத்தில் வைத்திருந்தவர்களுக்குத்தான் பட்டா கோரும் வழியைத் தந்தது. பிறகு வந்து குடிசை போட்டவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது கணக்கில் வராது. ஏழைகளுக்கு அரசு நிலம் ஒதுக்கும் திட்டம் உண்டு, அதற்கும் குடியுரிமைச் சான்று வேண்டும். நிலம் இல்லாததால் நிலையான முகவரி இல்லை, முகவரி இல்லாததால் அட்டை இல்லை, அட்டை இல்லாததால் நிலம் இல்லை.

இந்தச் சுற்றை எங்கே வெட்ட முடியும் என்றால், முகவரியில். வாடகைக்கு இருப்பவர்களை வசிப்பிடப் புத்தகத்தில் பதிய வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள், நாளைக்கு இடத்தைக் கேட்பார்களோ என்று. அவர்களைப் பார்த்துப் பேசுங்கள். உரிமை கோர மாட்டோம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துங்கள். வியட்நாமிய ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு முறையான மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்டுங்கள். சங்காத் எனப்படும் நகர வட்டார அலுவலகத்தில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகும், அந்தக் கூலியைக் கொடுங்கள். நோம் பென்னின் மியன்ச்சே பகுதியில் கெமர் குரோம் துறவிகளின் சமாக்கி ரைங்சேய் விகாரை இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அங்கே கேளுங்கள், சாட்சி சொல்ல ஆள் கிடைக்கும். உங்கள் ஆலையிலும் வேலைக்குச் சேர அட்டை கேட்பார்கள், இல்லையா? 2025-இல் ஆடைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலராக இருந்தது. அந்தச் சம்பளத்துக்கு வெளியே நிற்பவர்களைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறீர்கள்.

தாய்க்கும் மகனுக்கும் பெயர் பொருந்தாத வீடுகள் அங்கே இன்னும் இருக்கும். அவர்களுக்கு வழக்கறிஞர் இல்லாமல் ஒரு விண்ணப்பமும் போடாதீர்கள், தவறாகப் போட்டால் தாயின் அட்டையும் போய்விடும்.

பள்ளிப் பையா கழிப்பறையா என்று கேட்டீர்கள். மழைக்காலத்துக்கு முன் கழிப்பறையைக் கட்டுங்கள், பைகளை நன்கொடையாளர்கள் எப்படியும் கொண்டுவந்து கொட்டுவார்கள். தரகரிடம் முடியாது என்று இந்த மாதமே சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், திருப்பிக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். அந்த வீடுகள் யாருடையவை என்று அவருக்குத் தெரியும், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் அங்கேதான் இருப்பார்.

அன்புடன்.