நிலாவை எடுத்துவிட்ட தம்பிக்கு

ஐயா,

வணக்கம். ஒரு அறிவியல் புனைகதை எழுதுகிறேன். பூமி போலவே ஒரு கிரகம், ஆனால் விண்மீன் பார்ப்பதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கும். மேகம் கிடையாது, காற்றில் ஈரம் கிடையாது, இரவு நாற்பது மணி நேரம். வெளிச்சம் வானத்தைக் கெடுக்கும் என்பதால் நிலாவையும் எடுத்துவிட்டேன். மக்கள் எல்லோருமே வானியலாளர்கள். இப்படி ஒரு கிரகம் சாத்தியமா? காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கலாம்? நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

க., பரமக்குடி

அன்புள்ள தம்பி,

உன் பிள்ளைக்கு நீதான் பெயர் வைக்க வேண்டும். காற்று மெலிந்தே இருக்கட்டும். லடாக்கில் ஹான்லேக்குப் போய் 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்தது அப்படிப்பட்ட காற்றுக்காகத்தான். மழையில்லாத ஊரில் உன் வானியலாளர்கள் எதைத் தின்பார்கள் என்று ஒரு வரி எழுதிவிடு. பரமக்குடிக்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலாவை எடுத்தாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போன வாரம்தான் பழைய பெட்டியைக் கிளறும்போது ஒரு போட்டோ கையில் வந்தது. 2010 ஜனவரி 15, தனுஷ்கோடி. அன்று தை அமாவாசை, கூடவே வளைய சூரிய கிரகணம், நிலா நடுவே வந்து சூரியனின் ஓரத்தை மட்டும் வளையமாக விட்டுவைக்கிற கிரகணம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. அப்போது தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை கிடையாது. மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில் போய் இறங்கினோம். ஊர் ஊராக இருந்து தொலைநோக்கியோடு வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து நின்றார்கள்.

நான் வெயில் தாங்காமல் ஒரு ஓலைக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். உள்ளே ஒரு ஆத்தா நெத்திலிக் கருவாட்டைப் பரப்பி, கல்லும் குப்பையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். மதியம் ஒன்றேகால் வாக்கில் வெயில் வெளிறியது. ஆத்தா கையை நிறுத்திவிட்டு, "என்னப்பா இது, வளவி வளவியா விழுது?" என்றார். கீற்றில் இருந்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வளையம். கருவாட்டின் மேல், மணல் மேல், அவர் புறங்கையின் மேல். பத்து நிமிடம் அப்படியே கிடந்தன.

யோசித்துப் பார். அந்தக் கொட்டகைக்குள் தினமும் விழுகிற வட்ட வெளிச்சமும் சூரியனின் படம்தான். ஆத்தாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நடுவே நிலா வந்து நின்ற பிறகுதான் அது கண்ணில் பட்டது.

வானியலாளர்கள் நிலவொளியைத் திட்டுவார்கள், வாஸ்தவம். எங்கள் கடற்கரையில் வலைக்காரர்களும் திட்டுவார்கள், நிலாக் காலத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும் என்று. திட்டுவதும் தீர்த்துக்கட்டுவதும் ஒன்றா? 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தன்று குண்டூரில் ழான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அந்த ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். அந்தப் பொருள் பூமியில் கைக்குக் கிடைத்தது 1895ல்தான். உன் கிரகத்துக்காரன் நாற்பது மணி நேரம் விழித்திருந்து தூரத்து விண்மீனையெல்லாம் எண்ணுவான், தலைக்கு மேலே காய்கிற சூரியனைச் சுற்றி, முழுக் கிரகணத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு ஒளிமகுடம் இருப்பது தெரியாமலே சாவான்.

ஒரு தட்டைச் செய்து சூரியனை மறைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நீ வாதாடுவாய். சூரியனை ஆராய 2023ல் கிளம்பிய நம் ஆதித்யா எல்1 விண்கலத்தில் அப்படி மறைக்கிற கருவிதான் இருக்கிறது. சரி, மறைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை நமக்கு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லு முதலில். அப்புறம் கதையை அனுப்பு. மற்றபடி உன் நடை நன்றாகவே இருக்கிறது. கடிதத்திலேயே தெரிகிறது.

அந்த ஆத்தா, கிரகணம் பட்டதை இன்றைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி, ஒரு பை நிறையக் கருவாட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தார். அமாவாசையும் கிரகணமுமாக இருக்கும்போது வீட்டுக்குள் கருவாடா என்று அம்மா அதைத் திண்ணையிலேயே வைக்கச் சொன்னார். ராத்திரி பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது.