உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: பொம்மைகளின் பழைய உடைகள், கேள்வி பதில்

பீங்கான்முகம்: பீங்கான் தலை வைத்த சீமாட்டிப் பொம்மை ஒன்று வந்திருக்கிறது. அது போட்டிருக்கும் பட்டு கவுன் 1860களைச் சேர்ந்ததாம். எப்படிச் சரிபார்ப்பது, அக்கா?

முன்பக்கத்து அழகை விடுங்கள், உள்பக்கம் பாருங்கள். துணி இற்றிருந்தால் திருப்ப வேண்டாம், கழுத்து வழியாக டார்ச் அடித்தால் போதும்.

முதலில் பூட்டும் இடம். கொக்கி, நூலால் கட்டிய கண்ணி, கையால் போட்ட காஜா இவையெல்லாம் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். பிரஸ் பட்டனுக்கு ஜெர்மனியில் காப்புரிமை கிடைத்ததே 1885இல்தான். ஜிப் உடைகளில் பரவியது 1930களில். வெல்க்ரோ 1950களில் வந்தது. ஆனால் பிரஸ் பட்டனைப் பார்த்தவுடன் கவுனையே தள்ளிவிடாதீர்கள். பட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் துரு வளையங்களும் நாலைந்து பழைய ஊசித்துளைகளும் தெரிந்தால், அங்கே முன்பு கொக்கி இருந்திருக்கிறது. பிற்காலத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது தையல். "மெஷின் தையல் என்றால் பழசு இல்லை" என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியது 1846, சிங்கர் வாங்கியது 1851. 1860களின் பொம்மை உடையில் மெஷின் தையல் தாராளமாக இருக்கலாம். அடிப்பக்கம் சங்கிலி போல் கோத்துப் போகும் ஒற்றை நூல் தையலும் உண்டு. அதன் நூல்முனையை இழுத்துப் பார்த்துவிடாதீர்கள், மொத்த வரியும் கழன்று கையோடு வரும். ஆனால் உள்ஓரம் முழுக்க ஓவர்லாக் அடித்திருந்தால் 1860கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோணல் தையலும் போலிக்கு அடையாளமல்ல. பாரிஸில் 1863இல் தொடங்கிய 'லா புப்பே மொடேல்' என்ற சிறுமியர் இதழ் பொம்மை உடைகளுக்கு வெட்டு மாதிரிகள் கொடுத்தது. கடைக்காரர் தைத்தது ஒரு ரகம், வீட்டில் பத்து வயதுச் சிறுமி தைத்தது இன்னொரு ரகம். இரண்டும் பழசுதான்.

வெள்ளைலேஸ்: பருத்தி உள்பாவாடை மஞ்சளாகிவிட்டது. துவைக்கலாமா?

வெறும் பருத்தியோ லினனோ என்றால், அதுவும் சாயமில்லாத வெள்ளை என்றால் மட்டும் யோசிக்கலாம். தையல் நூலையும் எம்பிராய்டரியையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, வெள்ளைப் பஞ்சால் அரை நிமிடம் ஒற்றுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். கொக்கி, பட்டன் துருப்பிடித்திருந்தாலும் நீர் கூடாது, துரு துணிக்குள் ஓடும்.

சோதனையில் தேறினால் தட்டையான தட்டில் நைலான் வலை விரித்து, அதன்மேல் உடையைப் படுக்கவையுங்கள். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் மணமும் வெளுப்பானும் இல்லாத மென்மையான சோப்புநீரைச் சில சொட்டு மட்டும் விடுங்கள். கசக்கவோ பிழியவோ கூடாது. நுரை முற்றிலும் போகும்வரை நீர் மாற்றுங்கள். தூக்கும்போது வலையோடு தூக்குங்கள். நனைந்த பழந்துணி தன் எடையாலேயே கிழியும்.

பட்டு? கூடாது. கம்பளி? கூடாது. வெல்வெட்? கூடாது.

கண்ணாடிப்பெட்டி: பட்டுப்பாவாடை தொடாமலேயே நீளநீளமாகக் கீறிக்கொண்டு போகிறது. பூச்சியா?

பூச்சி இல்லை. பட்டு நூலில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் கோந்தை நீக்கினால் அதன் எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. அதனால் இழந்த எடையை ஈடுகட்ட வெள்ளீயம், இரும்பு போன்றவற்றின் உப்புக் கரைசலில் முக்கினார்கள். பல வேளைகளில் இழந்ததற்கு மேலேயே ஏற்றினார்கள். துணி கனமாக, சரசரவென்று இருக்கும், ஆனால் அந்த உப்பே காலப்போக்கில் இழையை அரிக்கும். வெளிச்சம் பட்டால் இன்னும் வேகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டில் இது சகஜம்.

இதற்கு மருந்து கிடையாது. இஸ்திரி வேண்டாம், மடிப்பு வேண்டாம், பொம்மைக்கு மறுபடி போடவும் வேண்டாம். அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தை உருட்டி உடையின் கைக்குள்ளும் பாவாடைக்குள்ளும் வைத்துத் தட்டையாகப் படுக்கவையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் சேர்க்காத டிஷ்யூ கேட்டு வாங்குங்கள், காரம் சேர்த்தது பருத்திக்கும் லினனுக்கும் மட்டும். பெட்டி பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், பிவிசி ஆகாது.

குட்டிக்குடை: பட்டு கவுனைப் பேபி ஷாம்பூவில் அலசலாமா?

மேலே பாருங்கள்.

நூல்கண்டு: பழைய ஞானஸ்நான கவுனை வெட்டி, பழைய லேஸ் வைத்து, கையாலேயே பொம்மை உடை தைக்கிறேன். துணி பழசு, லேஸ் பழசு, தையல் கைத்தையல். "பழங்கால உடை" என்று விற்றால் ஏன் சண்டைக்கு வருகிறார்கள்?

சண்டைக்கு வருபவர்கள் பக்கம்தான் நியாயம். துணியின் வயது வேறு, உடையின் வயது வேறு. "பழைய துணியில் புதிதாகத் தைத்தது" என்று எழுதி, தைத்த ஆண்டையும் உள்ளே ஒரு நாடாவில் தைத்துவிடுங்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நூல்கண்டு: பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாதபோது என்ன வித்தியாசம்?

கண்டுபிடிக்கலாம். பழைய உடையில் வெளிறல் தையலை ஒட்டிப் போகும்: மடிப்பு மேடு வெளுத்திருக்கும், தையலுக்கு விட்ட துணி உள்ளே பழைய நிறத்திலேயே இருக்கும். புதிதாகத் தைத்ததில் வெளிறிய பட்டை தையலைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே ஓடும். முந்தைய உடையின் ஊசித்துளை வரிசை முதுகின் நடுவே காரணமில்லாமல் நிற்கும். கொசுவத்தைப் பிரித்தால் பள்ளத்தில் தூசிக்கோடு இருக்காது.

365 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். துணி மங்கலாகக் கிடக்க நூல் மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், நூல் பின்னால் வந்தது. அது கீழ்ஓரத்தில் மட்டும் என்றால் பழுது பார்த்தது. தோள், பக்கம், கைக்குழி எல்லாத் தையலும் ஒளிர்ந்தால் உடையே புதிது.

ஊசிமுனை: அக்கா, குறுக்கே வருகிறேன். என்னுடைய 1870களின் உடை முழுசாக ஒளிர்கிறது. அப்படியானால் போலியா?

இல்லை. துணி பளிச்சென்று வெளுப்பாகத் தெரிய இன்றைய சோப்புத்தூளில் சேர்க்கும் வெண்ணொளிப் பொருள் துணியில் ஒட்டியிருக்கும். யாரோ துவைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் சோப்புத்தூளைக் கொண்டுபோகாதீர்கள் என்று கத்துகிறேன்: அழுக்கோடு சாட்சியும் போகிறது.

நூல்கண்டு: நான் வெட்டுவது கிழிந்த கவுன்களைத்தான். குப்பைக்குப் போவதைக் காப்பாற்றுகிறேன்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். பாவாடைப் பகுதி இற்றுப்போன கவுனாக இருந்தாலும் மேல்சட்டையின் வெட்டு, காஜா, லைனிங் முழுசாக இருக்கலாம். அதை வெட்டாதீர்கள். தனியாகக் கழன்று கிடக்கும் ஃப்ரில், மிச்சத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுன் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

ஊசிமுனை: அப்படியானால் கிழிந்த லைனிங்கை மாற்றுவதும் தப்பா?

மாற்றாதீர்கள், மூடுங்கள். மெல்லிய பட்டு வலையை மேலே போட்டு, பழைய துளைகள் வழியாகவே தளர்வாகத் தையுங்கள். பிரித்தெடுக்க முடிகிற தையலாக இருக்க வேண்டும். பசை, ஒட்டும் கேன்வாஸ் எதுவும் கூடாது.

அந்து: கம்பளி மேலங்கியில் ஓட்டை. அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். அந்துருண்டை ஆவி சில வகை பிளாஸ்டிக் பட்டன்களை இளக்கும், வாடையும் போகாது. உடையைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவையுங்கள். எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் ஈரம் துணியில் படியும். செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பட்டனும் மெழுகு அலங்காரமும் உள்ளவற்றை உறையவைக்காதீர்கள். பொம்மையையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள், மெழுகுத் தலை விரிசல் விடும்.

பச்சைத்தொப்பி: 1860களின் தொப்பி. துணி இலைகள் கண்ணைப் பறிக்கும் பச்சை. தூசி தட்டலாமா?

தட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டுச் செயற்கை இலைகளில் ஆர்சனிக் கலந்த மரகதப் பச்சை நிறையவே பயன்பட்டது. நைட்ரைல் கையுறை போடுங்கள், தனிப் பையில் பெயர் எழுதி வையுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

போனிடெயில்: 1960களின் பார்பி. கறுப்பு உடையின் நிறம் வினைல் உடம்பில் ஏறிவிட்டது.

உடையைக் கழற்றித் தனியே வையுங்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் இடையில் சாயமில்லாத, அலசிய வெள்ளைப் பருத்தி இருக்கட்டும். உடம்பில் ஏறிய கறையை எடுப்பது பொம்மை பழுதுபார்ப்பவர்கள் வேலை, அவர்களைக் கேளுங்கள்.

ஆவல்: என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை.

புதுவரவு: மஞ்சள் லேஸை ப்ளீச்சில் போட்டால் வெளுக்குமா?

வெளுக்கும். அடுத்த முறை தூக்கும்போது கையில் பொடியாகவும் வரும்.