ஒல்லியான உடம்பில் கல்லீரல் கொழுப்பு எப்படி வரும்?

“எடை 58 கிலோதான், ஆனால் கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில், அப்பாவுக்கும் இப்படித்தான், ரிப்போர்ட் மாறிப்போச்சோ?” என்று கேட்டிருந்தீர்கள். மாறியிருக்க வேண்டியதில்லை. ஒல்லியானவர்களுக்கும் இது வரும்.

தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு கொள்ளும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிலருக்குக் கிடங்கு சின்னது. சீக்கிரம் நிரம்பிவிடும், மிச்சம் கல்லீரலுக்கும் தசைக்கும் போகும், அங்கே இன்சுலின் சொன்னபடி வேலை நடக்காது. உடல் பருமனோடு தொடர்புள்ளது என்று 2007இல் பேசப்பட்ட எஃப்டிஓ (FTO) மரபணு வேறு ரகம். அதன் ஒரு வடிவம் பெரும்பாலும் பசி வழியாக எடையைக் கூட்டுவது, அந்த வடிவம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி இருந்தால் சராசரியாக 3 கிலோ கூடும். உங்கள் விஷயத்தில் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் எடை மெஷினை நம்பாதீர்கள், இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கவனம் தேவை. ஒல்லியாக இருந்தாலும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் எடை குறைத்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கும்.

அப்புறம் ஒன்று. உங்களுக்கோ அப்பாவுக்கோ கை கால்களில் கொழுப்பே இல்லாமல் தசையும் நரம்பும் புடைத்துத் தெரிகிறதா? ஆமாம் என்றால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் ‘பகுதி லிப்போடிஸ்ட்ரோபி’ (உடம்பின் சில பகுதிகளில் மட்டும் கொழுப்பு இல்லாமல் போகும் நோய்) என்று சொல்லியே கேளுங்கள். அரிதுதான், ஆனால் எல்எம்என்ஏ (LMNA) போன்ற ஏதாவது ஒரு மரபணுவில் உள்ள கோளாறால் வந்ததாக இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, சிகிச்சையும் வேறு.